இல்லை என்போர்

பாஸ்டர் மறுபடியும் நிறுத்திவிட்டார். "இல்லை என்போர்?" என்று கேட்டுவிட்டு, தலைவருடைய உயரமான நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு, உறுப்பினர்களை வரிசை வரிசையாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே போட்டிருந்த நீள மேசையில் சுருக்கெழுத்துக்காரியின் பென்சில், எழுத ஒன்றுமில்லாமல், தாளைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சட்டமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுவது அவள் வேலை. இருமலை எழுத வேண்டாம், கொட்டாவியை எழுத வேண்டாம், குறட்டையை எழுதவே கூடாது. ஆனால் எல்லோரும் பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று இருபத்து நான்கு வருடமாக யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்குத் தேவையும் வந்ததில்லை.

அந்த நாற்காலியின் அசல் சொந்தக்காரரான பேரவைத் தலைவர் மதியத்துக்கு மேல் ஓய்வெடுக்கப் போய்விடுவார். அப்போது மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் இருக்கும் யாராவது வந்து உட்காருவார்கள். மசோதா ஓட்டுக்கு வந்தால், "ஆம் என்போர், இல்லை என்போர், ஆம் என்போரே அதிகம், மசோதா நிறைவேறியது" என்று நாலு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள், பஸ்ஸுக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டுகிற வேகத்தில். அந்த நாலு வாக்கியத்துக்கும் சேர்த்து அவள் ஒரே ஒரு கோடு வைத்திருந்தாள். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு சுழி, முடிந்தது. பாஸ்டர் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு அந்தக் கோடு வீணாய்ப் போனது. அவர் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார்.

பாஸ்டர் என்பது பட்டப்பெயர் இல்லை. மனிதர் நிஜமாகவே பாஸ்டர்தான். ஒரே தேவாலயத்தில் இருபத்து மூன்று வருடம் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்து, அடக்கமும் செய்தவர். அவர் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் உண்டு, கட்டில்கள் உண்டு, டாக்டர் மட்டும் கிடையாது. ஒரே வருடத்தில், பிரசவத்துக்குப் போன மூன்று பெண்களை அவர் அடக்கம் செய்தார். மூன்றாவது பெண்ணுக்கு முந்தைய வருடம்தான் அவரே கல்யாணம் செய்துவைத்திருந்தார். கல்லறையில் ஜெபத்தை முடித்த கையோடு, போட்ட அங்கியைக்கூடக் கழற்றாமல் தேர்தல் அலுவலகத்துக்கு நடந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. "அவ்வளவு நாடகமெல்லாம் இல்லை, அங்கியை வீட்டில் மாட்டிவைத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போனேன்" என்று அவரே ஒருமுறை அவையில் திருத்தினார். அதை எழுதியவளும் இவள்தான். அரசியலை விட்டுத் திரும்பி வரும்வரை பிரசங்க மேடை ஏறக் கூடாது என்று பிஷப் கடிதம் கொடுத்துவிட்டாராம். முதல் நாள் பேச எழுந்தவர் "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்பதற்குப் பதிலாக "அன்பானவர்களே" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எழுந்தாலே எதிர்வரிசையில் யாராவது "ஆமென்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாலு வருடமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போது வருவார்? பட்ஜெட்டில் கேட்டார், கேள்வி நேரத்தில் கேட்டார், சாலை வரி மசோதாவில்கூட எப்படியோ சுற்றி வளைத்து நுழைத்துக் கேட்டார். இப்போது சுகாதார அமைச்சர் உடம்புக்கு முடியாமல் பதவி விலக, அந்த இடம் பாஸ்டருக்கு என்று முடிவாகியிருந்தது. நாளைக் காலை பத்தரை மணிக்குப் பதவியேற்பு. மதியம் வராந்தாவில் அவரைக் கைகுலுக்காத ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்த மனிதர், கொடுக்கிற இடத்துக்கே போய் உட்காரப் போகிறார். சுருக்கெழுத்துக்காரிக்கு அதில் சொந்தத் தம்பிக்கு வேலை கிடைத்தது போல ஒரு சந்தோஷம்.

ஆனால் அவளைக் குடைந்துகொண்டிருந்தது வேறு. அவர் காத்திருக்கும்போது உதடு அசைந்தது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், லேசாக. சுவர்க் கடிகாரத்தை வைத்து அவள் கணக்குப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் முப்பது விநாடி. இருபத்தைந்தும் இல்லை, நாற்பதும் இல்லை. எண்ணுகிறாரா? அப்படியென்றால் ஏன் முப்பது? அவளோடு அதே வேலை பார்க்கும் நாத்தனாரிடம் கேட்டால், "மனசுக்குள்ள நம்ம எல்லாரையும் திட்டுறாரு அண்ணி. பாஸ்டருங்க வெளிய திட்ட முடியாதில்ல" என்றாள். அவள் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அன்றைக்கு ஓட்டுக்கு வந்தது பள்ளிக்கூட மசோதா. இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளிக்கூடங்களை மூடி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்ப்பது. எதிர்க்கட்சி ஏற்கெனவே வெளிநடப்பு செய்து, காப்பி குடிக்கப் போயிருந்தது. "ஆம் என்போர்?" என்றதும் ஆளுங்கட்சி வரிசைகள் மொத்தமாக முழங்கின. "இல்லை என்போர்?" என்றார் பாஸ்டர். அமைதி. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது.

சுருக்கெழுத்துக்காரர்களுக்கு ஐந்து நிமிடம் ஒரு முறை. முறை முடிந்தால் அடுத்தவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். ஓடுகிற வாக்கியம் முடிந்ததும் முன்னவள் எழுந்து போக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். எந்த வாக்கியமும் ஓடவில்லையே, எதை முடித்துவிட்டு எழுந்திருப்பது? "போங்க அண்ணி" என்று கண்ணால் சொன்னாள் நாத்தனார். "இரு, பார்ப்போம்" என்று இவள் கண்ணால் சொன்னாள். பாஸ்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

அவரை எல்லோரும் மேசை என்பார்கள். கட்சிக்காரர்கள் பேசும்போது மேசையைத் தட்டுவது தவிர வேறெதுவும் செய்ததில்லை. தட்டலில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது, அத்தனை வரிசை தட்டினாலும் அவர் தட்டல் தனியாகக் கேட்கும். நாலு வருடத்தில் அவர் பெயரை ஒருமுறைகூட எழுதியிராத சுருக்கெழுத்துக்காரி, ஒரு கணம் அது என்னவென்றே ஞாபகம் வராமல் திணறினாள்.

"தலைவர் ஐயா... நான் இல்லைன்னு சொல்ல எந்திரிக்கல. ஒண்ணு சொல்லணும். சொல்லலாங்களா?"

முன்வரிசையில் இருந்த கொறடா வெடுக்கென்று திரும்பினார். ஆளுங்கட்சி உறுப்பினர்களைக் கட்டிமேய்ப்பது அவர் பொறுப்பு. கண்ணைக் காட்டி, கையைக் காட்டி, உட்காரச் சொன்னார். மேசை அவரைப் பார்க்கவே இல்லை.

"சொல்லுங்க. கேட்டது நான்தானே" என்றார் பாஸ்டர்.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துல பதினோரு பிள்ளைங்க. பக்கத்துப் பள்ளிக்கூடம்னு காகிதத்துல போட்டிருக்கு. பக்கந்தான். நடுவுல ஆறு ஓடுது, அது காகிதத்துல இல்ல. போன மழைக்கு எங்க அண்ணன் அந்த ஆத்தோட போயிட்டான். நல்லா நீச்சல் தெரிஞ்சவன்." அவர் தன் முன்னாலிருந்த பலகையைத் தடவினார். "தட்டணும்னுதான் உக்காந்திருந்தேன். கை வரல. அந்தப் பதினோரு பேரும் யார் யாருன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்லிடறேன். நாளைக்கு யாரும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது பாருங்க."

பதினோரு பெயர்களையும் சொன்னார். வேகமாக, மனப்பாடம் செய்த பிள்ளை மறப்பதற்குள் ஒப்பித்துவிடுகிற மாதிரி. அண்ணியும் நாத்தனாரும் இரண்டு நோட்டிலும் எழுதினார்கள். கடைசிப் பெயரைச் சொன்னபோது சுவர்க் கடிகாரம் மாலை ஆறு மணி அடித்தது. ஆறு அடித்தால் அவை கலைய வேண்டும், அது விதி. ஓட்டு நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு என்று சொல்லிவிட்டு பாஸ்டர் எழுந்தார். மேசை இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரவா போகவா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

எழுதியதைத் தட்டச்சு செய்யும் அறை பின்பக்க வராந்தாவின் கோடியில் இருந்தது. இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு போன், சுருக்கெழுத்து நோட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரி. அன்றைய பேச்சு அச்சாகி, இரவுக்குள் பத்திரிகைக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். தட்டச்சில் மேசையின் பேச்சை எட்டுவதற்குள் கொறடா வந்துவிட்டார்.

"அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்த டைப் பண்ணிட்டீங்களாம்மா?"

"பண்ணப் போறேன் சார்."

"பண்ண வேணாம். ஓட்டுக்கு விட்டப்புறம் யாரும் பேசக் கூடாது, அது விதி. விதி மீறிப் பேசினது குறிப்புல வரக் கூடாது. நோட்ட மட்டும் எங்கிட்ட குடுங்க."

"எந்த நோட்டு சார்? ரெண்டு இருக்கு" என்றாள் நாத்தனார், அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு.

கொறடா ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை, காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "இந்த மாதிரி நாப்பது பள்ளிக்கூடம் இருக்கும்மா. நாளைக்குப் பேப்பர்ல வந்தா, நாப்பது ஊருலயும் கேப்பாங்க, எங்காளு ஏன் எந்திரிக்கலன்னு. மசோதா கவுந்துடும். மசோதா கவுந்தா, நாற்காலில உக்காந்து கவுத்தவரு எப்படி காலைல மந்திரி ஆவாரு? நீங்களே சொல்லுங்க. அவரு ஊருக்கு டாக்டர் வரணுமா வேணாமா?" பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவைக் குறிப்பிலிருந்து நீக்கும் ஆணை. தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாம் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. "அவருகிட்ட பேசிட்டேன். இப்ப வருவாரு. கையெழுத்து ஆனதும் ஒரு போன் பண்ணிடுங்க."

அவர் போன பிறகு சுருக்கெழுத்துக்காரிக்கு அந்த மேசை மனிதர்மேல் கோபமாக வந்தது. நாலு வருடம் தட்டினவர் இன்னும் ஒருமுறை தட்டினால் குறைந்தா போய்விடுவார்? ஒரே ஒரு நாள், பாஸ்டர் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? அப்படி நினைத்த அடுத்த நொடி, நோட்டில் வரிசையாக நின்ற அந்தப் பதினோரு கோடுகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பல பெயர்கள் ஒரு பென்சில் கீற்றுக்குமேல் இல்லை.

பாஸ்டர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டு வரும் உறுப்பினர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்து, காகிதத்தைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனாவை எடுக்கவில்லை.

இப்போது கேட்காவிட்டால் இனி கேட்கவே முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அமைச்சரான பிறகு உதட்டைப் பற்றியெல்லாம் யார் கேட்பது? "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டுக்கு விட்டுட்டு முப்பது செகண்ட் சும்மா இருப்பீங்களே, அப்ப வாய் அசையுது. என்ன சொல்றீங்க?"

"வெளிய தெரியுதா?" அவர் நிஜமாகவே பதறினார். உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் சிரிப்பை அடக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபம்மா. ஒரு தடவ முழுசா சொல்லுவேன்" என்றார். "கல்யாணத்துல ஒரு கேள்வி உண்டு. இந்த ரெண்டு பேரும் சேரக் கூடாதுன்னு யாருக்காவது காரணம் தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கன்னு. யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால கேட்ட மூச்சுலயே அடுத்த வரிக்குத் தாண்டிடுவோம். எனக்கு அப்ப முப்பது வயசு. அன்னைக்கு அடுத்தடுத்து மூணு கல்யாணம். கேட்டேன், தாண்டிட்டேன். ரெண்டு வரி போய் நிமிந்து பாத்தா, கடைசி பெஞ்சுல ஒரு பொம்பள நின்னுட்டிருக்கா. வாயைத் திறந்தபடி. நான் நிறுத்தல, படிச்சிட்டே போனேன். அவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு உக்காந்துட்டா."

"யாருய்யா அது?"

"தெரியல. முடிஞ்சதும் ஓடிப்போய்த் தேடினேன், போயிட்டா. என்ன சொல்ல வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் புருஷன் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்காங்க. ஒருவேளை ஃபேனப் போடச் சொல்ல எந்திரிச்சாளோ என்னவோ." அவர் சிரிக்க முயன்றார். "அதுலேருந்து அந்தக் கேள்வியைக் கேட்டா, மனசுக்குள்ள ஒரு ஜெபம் முடிச்சிட்டுத்தான் அடுத்த வரி. இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட எந்திரிச்சதில்ல. கல்யாண வீட்டுக்காரங்க என்னை வையாத நாளில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவ ஒருத்தர் எந்திரிச்சிருக்காரு."

போன் மணியடித்தது. நாத்தனார் எடுத்துக் கேட்டுவிட்டு, கையால் பொத்திக்கொண்டு, "கொறடா சார். முடிஞ்சுதான்னு கேக்குறாரு" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார் பாஸ்டர். பிறகு சுருக்கெழுத்துக்காரியைப் பார்த்தார். "நாளைக்கு நான் போகலன்னா வேற யாராவது அந்த இடத்துக்குப் போவாங்க. அவங்களுக்கு எங்க ஊரு எங்க இருக்குன்னே தெரியாது. இன்னொரு நாலு வருஷம் கேட்டுட்டே இருக்கணும். அதுக்குள்ள நான் இன்னும் எத்தன பேர அடக்கம் பண்ணணுமோ. இல்ல, நான்கூட இல்ல, வேறொரு பாஸ்டர். நீங்களா இருந்தா என்னம்மா செய்வீங்க?"

"நான் எழுதுறவதானேய்யா" என்று சொல்லிவிட்டாள். சொன்னதுமே, அது நழுவுகிற பதில் என்று உறைத்தது. அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெண்கள், பதினோரு பிள்ளைகள், எதை எதோடு வைத்து நிறுப்பது? எதையாவது கேட்டால் தேவலை என்று தோன்றவே, வாயில் வந்ததைக் கேட்டாள். "ஐயா, அந்த மூணு பொண்ணுங்க பேரும் ஞாபகம் இருக்கா?"

கேட்டு முடிப்பதற்குள் மூன்று பெயர்களையும் சொன்னார். அப்பா பெயரோடு, ஒவ்வொருத்தியின் வயதோடு. சொன்ன பிறகு நிறுத்திவிட்டார். இந்தமுறை அவர் உதடு அசையவில்லை.

"அந்தப் பதினோரு பேரும் சரியா எழுதியிருக்கீங்களா?" என்றார் கடைசியில்.

"வேகமாச் சொல்லிட்டாருய்யா. எட்டு சரி. மூணு பேரு சந்தேகம். ரெண்டு நோட்டையும் ஒத்துப் பாத்தாலும் நிச்சயமில்ல."

"ஞானஸ்நானப் பதிவேட்டுல ஒரு பேரத் தப்பா எழுதிட்டா, அந்தப் பிள்ள ஆயுசுக்கும் அலையும்" என்றார் பாஸ்டர். "அவரு இருக்காரா, போயிட்டாரா?"

நாத்தனார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மேசை வராந்தா பெஞ்சில்தான் இருந்தார். யாராவது வந்து கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று காத்திருந்தார் போலிருக்கிறது, கூப்பிட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. மேசைமேலிருந்த ஆணையில் தன் பெயர் தட்டச்சு செய்திருப்பதைப் பார்த்தார். அது என்ன காகிதம் என்று நாலு வருட உறுப்பினருக்குத் தெரியாதா?

"பாஸ்டரய்யா, என்னால உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க. பேரச் சொல்லுங்க, ஒண்ணொண்ணா. அவசரமில்ல."

பாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத வேறு காகிதம் கையில் அகப்படவில்லை. சுருக்கெழுத்துக்காரி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கப் போவதற்குள், அவர் அந்த ஆணையைத் திருப்பிப் போட்டுவிட்டார். வெற்றுப் பக்கத்தின் மேல் விளிம்பில் ஒன்று என்று எண் போட்டார். மேசை முதல் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் எழுதுகிற கையெழுத்தில், உருண்டையாக, ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதினார். அப்பா பெயர் கேட்டு அதையும் எழுதினார். இரண்டாவது. மூன்றாவது. கொறடா அடித்த வரிகள் மறுபக்கத்திலிருந்து மங்கலாகத் தெரிந்தன. கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் எங்கே வருகிறது என்று சுருக்கெழுத்துக்காரியால் கணக்குப் போட முடிந்தது. பத்தாவது பெயரோ பதினொன்றாவதோ அதன் முதுகில்தான் விழும்.

நான்காவது பெயரில் மேசை நிறுத்தினார். "இது... என் அண்ணன் பொண்ணு" என்றார். மேலே வரவில்லை.

போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள், அண்ணி பாஸ்டரைப் பார்த்தாள். அவர் பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்தபடி, நின்றுகொண்டிருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார். அவர் உதடுகள் லேசாக அசைந்தன.